பால் கணக்கு

மார்ச் 4

எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. இடுப்பெலும்பில் மைனஸ் 1.8. முதுகெலும்பில் மைனஸ் 1.5. மைனஸ் 2.5-க்கு இறங்கினால்தான் எலும்புப்புரை என்று பெயராம், இது அதற்கு முந்தைய கட்டம். ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் உள்ளே போக வேண்டும், எடை ஆறு கிலோ குறைய வேண்டும். டாக்டர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்ச் 5

தூங்கவில்லை. அம்மாவின் இடுப்பே கண் முன்னால் நின்றது.

மார்ச் 7

வெறும் பால் எனக்குத் தொண்டையில் இறங்காது. அந்த வாசனையே ஆகாது. சாக்லேட் பால் என்றால் மட்டும் ஆசையாகக் குடிப்பேன். சரி, மருந்தென்று நினைத்து அதையே குடிப்போம் என்று ஒரு பாட்டிலை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன்.

200 மில்லி. 160 கலோரி. சர்க்கரை 22 கிராம். கால்சியம் 230 மில்லிகிராம்.

முன்பக்கத்தில் கால்சியத்தைப் பற்றி அத்தனை பெரிய எழுத்து. ஆனால் அந்த 230-ம் பாலில் இயற்கையாகவே இருப்பதுதான். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் எப்போதுமே இருக்கும். அவர்கள் சேர்த்தது சர்க்கரையை. 22 கிராமில் ஒன்பது பத்து கிராம் பாலுக்கே உரிய லாக்டோஸ். மீதி 12 கிராம் மேலே கொட்டியது. மூன்று டீஸ்பூன், ஐம்பது கலோரி, எலும்புக்கு அதனால் ஒரு துளி பயன் கிடையாது.

1200-ஐ இதிலிருந்தே எடுப்பதென்றால் ஐந்து பாட்டிலுக்கும் மேல். கலோரி மட்டும் 800-ஐத் தாண்டும். எனக்கு நாளுக்கு 1500-தான். எஞ்சிய பாதியில் என்னத்தைச் சாப்பிடுவது?

மார்ச் 8

"மாத்திரையைப் போட்டுக்கோம்மா, எதுக்கு இந்த மண்டை உடைச்சல்" என்கிறாள் மகள். முதலில் சாப்பாடு, பற்றாததற்குத்தான் மாத்திரை என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பாலோடு புரதமும் பாஸ்பரசும் சேர்ந்து வருகிறது. எலும்பு வெறும் கால்சியத்தால் ஆனதில்லையே.

மார்ச் 10

அம்மா கடைசி வருடங்களில் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே உயரம்.

மார்ச் 11

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், அதில் நிம்மதிப்பட ஒன்றுமே இல்லை. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது கொசுறு. ஆனால் அந்தக் கொசுறு குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும், அதனால் உடம்பு அதைக் குறைய விடாது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி எடுத்து ரத்தத்தில் விட்டுவிடும். எலும்பு அரித்துக்கொண்டே போகும், ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றே வரும்.

இத்தனை வருடமாக எனக்குள் இதுதான் நடந்திருக்கிறதா?

மார்ச் 12

மழை. நடக்கப் போகவில்லை.

மார்ச் 14

இன்று மனசு லேசாக இருக்கிறது. கொழுப்பு எடுத்த பாலில் சத்தே இருக்காது என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். கால்சியத்தைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. கால்சியம் பாலின் கொழுப்பில் இல்லை, புரதத்தோடும் நீர்ப்பகுதியோடும்தான் இருக்கிறது. ஆடையை எடுத்தால் கலோரிதான் போகும். 250 மில்லி முழுப் பால் 150 கலோரி. அதே அளவு கொழுப்பு நீக்கிய பால் 85 கலோரி. இரண்டிலும் கால்சியம் 300 மில்லிகிராம்.

அப்படியானால் சுவையை நானே சேர்த்துக்கொள்ளலாம் இல்லையா? கோகோ பொடி ஒரு டீஸ்பூனை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்தேன். அப்படியே பாலில் போட்டால் மேலே மிதக்கும், கரையாது. குழைத்த விழுதின் மேல் குளிர்ந்த பாலை ஊற்றி, இரண்டு சொட்டு வெனிலா, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூடி போட்ட பாட்டிலில் நன்றாகக் குலுக்கினால் நுரை வருகிறது, அந்த நுரைதான் பால் வாசனையை மறக்கடிக்கிறது. மொத்தம் 110 கலோரிக்குள். கால்சியத்தை உடம்பில் சேர விடாத ஆக்சலேட் கோகோவிலும் உண்டு, ஆனால் ஒரு ஸ்பூனுக்கு அது பொருட்டில்லை.

இரண்டு டம்ளருக்கு 220 கலோரி, 600 மில்லிகிராம். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்குத் தயிர், கீரை, மற்ற சாப்பாடு.

குடித்தேன். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

மார்ச் 16

தைராய்டு மாத்திரைக்கும் பாலுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேர விடாது. காலை ஆறு மணிக்கு மாத்திரை. ஆகவே முதல் டம்ளர் பத்துக்கு மேல், இரண்டாவது படுக்கப் போகும் முன். பிரித்துக் குடிப்பதும் நல்லதுதான். ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் சேரும் விகிதம் குறைந்துவிடும்.

மார்ச் 17

வயிறு உப்புசம். எதைப் பார்த்தாலும் எரிச்சல். பாட்டிலைக் கழுவக்கூடப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

அக்கா போன் செய்தாள். "பாலை விட்டுத் தள்ளு, பசலைக்கீரை சாப்பிடு, அதுல இல்லாத சத்தா" என்றாள். பசலையில் இருக்கிறது, ஆனால் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். பாலில் முப்பது. பொறுமையாகச் சொன்னேன். அவள் கேட்கிற விதத்திலேயே தெரிந்தது, நம்பவில்லை.

அவளுக்குப் பால் செரிக்காது, கால்சியம் சேர்த்த சோயா பால் குடிக்கிறாள். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்று என்று. சேர்த்த கால்சியம் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். மேலாக ஊற்றிக் குடித்துவிட்டு அடியைக் கழுவி ஊற்றினால் என்ன பிரயோசனம்? அவளுக்கும் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அம்மா பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

மார்ச் 20

நிலைப்படியில் முதுகை ஒட்டி நின்று, மகளைப் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

மார்ச் 23

வைட்டமின் டி 14. இருபதுக்குக் கீழே என்றால் குறைபாடு. அது இல்லாமல் எத்தனை டம்ளர் குடித்தாலும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இதை ஏன் முதல் நாளே பரிசோதிக்கச் சொல்லவில்லை? கோபமாக வருகிறது. வாரத்துக்கு ஒரு தரம் போட மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 26

எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது, எடை குறையும்போது எலும்பும் கொஞ்சம் குறையும் என்பதால். அதைத் தடுக்க வழி, உடம்பின் பாரத்தை எலும்பு தாங்கும்படி நடப்பதும் எடை தூக்குவதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஆரம்பித்தேன். மணிக்கட்டு நடுங்கியது.

மார்ச் 27

கடையில் சர்க்கரை சேர்க்காத சாக்லேட் பானம் ஒன்று. ஆசையாக எடுத்தேன். சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே தண்ணீர். பால் மூன்றாவது. கால்சியம் பாலில் இருப்பதில் பாதிகூட இல்லை. வைத்துவிட்டேன். கலோரி குறைவு என்று மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஏமாற வேண்டும், ஒரு கலோரிக்கு எவ்வளவு கால்சியம் வருகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டில் பாலில் ஒன்றரைக்கும் கீழே. நான் கலக்குவதில் மூன்றை நெருங்குகிறது.

மார்ச் 29

சர்க்கரையை அரை ஸ்பூனுக்கு இறக்கிவிட்டேன். வித்தியாசம் தெரிகிறது, ஆனாலும் குடிக்க முடிகிறது. கொழுப்பு நீக்கிய பால் பொடி ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் கெட்டியாகவும் இருக்கிறது, கால்சியமும் கிட்டத்தட்ட 100 கூடுகிறது, கலோரி முப்பதுக்குள்.

அம்மாவுக்கு இப்படி ஒரு டம்ளர் யாராவது கலக்கிக் கொடுத்திருந்தால்.

மார்ச் 31

அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை ஸ்கேன், நானும் கூடப் போகிறேன். அவள் சோயா பாலுக்கும் கோகோ ஒத்து வருமா என்று கேட்டாள். நாளைக்கே கலக்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.