ஃபியூஸ் பாக்ஸ் மாற்ற விலை சொல்வதற்கு முன்

பழைய ஃபியூஸ் பாக்ஸை மாற்ற எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டதும், வந்து பார்க்காமலேயே தொகை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பெட்டி, எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விலையைக் கடையில் கேட்டாலே தெரியும். தொகையை ஏற்றி இறக்குவது சுவருக்குள் இருக்கும் வயரிங்.

சர்க்யூட்டுகளை எண்ணியபின், மெயினை அணைத்து, மாட்டியிருக்கும் சாதனங்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு லைனையும் 500 வோல்ட் மெக்கரில் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதிக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைப் பழுது பார்க்காமல் புதுப் பெட்டியில் சேர்க்கக் கூடாது.

பெரிய தலைவலி நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். பழைய வீடுகளில் மாடிப்படி லைட்டுக்கு வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. அந்த இரண்டு சர்க்யூட்டும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே வந்தால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாது. லைட் சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆகிவிடும். இதைத் தேடிப் பிடிக்க அரை நாள்கூடப் போகலாம். அதற்கான கூலி தனி என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுவதுதான் நேர்மை.

அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 10 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பதில் 32 போடவே கூடாது. 1.5 சதுர மி.மீ. வயர் உள்ளே வெந்துபோகும்.

எர்த்திங்குக்குத் தனிக் கணக்குக் கேளுங்கள்: எலக்ட்ரோடு (மண்ணில் புதைக்கும் உலோகக் கம்பி அல்லது தகடு), எர்த் வயரின் அளவு, உலோகக் குழாய்களுக்கான இணைப்பு, முடிவில் அளந்த எர்த் ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் என்பது. பிளக்கில் பச்சை வயர் இருந்தால் மட்டும் போதாது. மறுமுனையில் கிளாம்ப் துருப்பிடித்து வயர் அறுந்து கிடக்கலாம்.