குருதி உறைதல்: பின்னோக்கிப் படிக்க வேண்டிய பாடம்

ரியூசன் கொப்பியில் இருக்கும் உறைதல் வரைபடத்தை மேலிருந்து கீழாகப் பாடமாக்கினால், இடையில் ஒரு பெயர் மறந்தாலே முழு விடையும் குலைந்துவிடும். உயர்தரப் பரீட்சைக்கு இதைக் கடைசிப் படியிலிருந்து படியுங்கள்.

காயத்தில் நிலைத்து நிற்பது பைபிரின் நார்வலை. அது குருதியின் திரவப் பகுதியான திரவவிழையத்தில் கரைந்திருக்கும் பைபிரினோஜனிலிருந்து வருகிறது. மாற்றும் நொதியம் துரொம்பின். துரொம்பின் எந்நேரமும் ஓடித்திரிந்தால் கலன்களுக்குள்ளேயே குருதி உறைந்துவிடும். ஆகவே அது புரோத்துரொம்பின் என்ற செயலற்ற வடிவில் இருக்கிறது. அதைத் துரொம்பினாக்க உறைதற் காரணிகள் என்ற திரவவிழையப் புரதங்களும் கல்சியம் அயனும் தேவை. புரோத்துரொம்பினை ஈரல் ஆக்குவதற்கு விற்றமின் கே வேண்டும்.

அம்புக்குறியில் கவனம். துரொம்பினிலிருந்து புறப்படும் அம்பு பைபிரினுக்குப் போகக்கூடாது. பைபிரினோஜன் பைபிரினாகும் அம்பின் நடுவில் வந்து முட்டவேண்டும். நேரே பைபிரினுக்குக் கீறினால் துரொம்பினே பைபிரினாக மாறுகிறது என்று பொருளாகிவிடும்.

நார்வலைக்கு முன்னரே கலன் சுருங்கும். கிழிந்த சுவரில் வெளிப்பட்ட கொலாஜன் என்ற நார்ப்புரதத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் (platelets) ஒட்டித் தற்காலிக அடைப்பை உண்டாக்கும். இந்த அடைப்பையும் நார்வலையையும் ஒன்றாகக் கலந்து எழுதாதீர்கள். வேறுபாடு மனதில் நிற்க நம்மூர் உதாரணங்கள் இரண்டு போதும்.

மாரி மழையோடு டெங்கு கூடும்போது குறைவது சிறுதட்டு. வழமையான அளவு கன மில்லிமீற்றருக்கு 150,000 முதல் 400,000 வரை. அஸ்பிரின் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குழப்பும், அதனால் டெங்குக் காய்ச்சலுக்கு அதைக் கொடுப்பதில்லை. (எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுவது சரியல்ல. திரவவிழையம் கலன்களிலிருந்து கசிவதே பெரிய ஆபத்து. பிசிவி, அதாவது குருதியில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு, ஏறுகிறதா என்று வைத்தியர்கள் பார்ப்பது அதற்காகத்தான்.)

கண்ணாடி விரியன் கடியில் கதை வேறு. நஞ்சு ஐந்தாம், பத்தாம் உறைதற் காரணிகளை ஏவிவிடும். துரொம்பின் ஓயாமல் உருவாகி, இருந்த பைபிரினோஜன் எல்லாம் செலவாகிவிடும். பிறகு உறைவதற்கு எதுவும் மிஞ்சாது, குருதி வடியும். உறைதலைத் தூண்டும் நஞ்சு ஏன் குருதிப்பெருக்கைத் தருகிறது என்ற வினாவுக்கு இந்த வரிசையே விடை. வைத்தியசாலை விடுதியில் இதை அறியும் சோதனையும் எளியது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் குருதியை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். திரவமாகவே ஓடினால் உறையவில்லை. பிளாஸ்ரிக் குழாய் கூடாது. உறைதலைத் தொடக்கிவைப்பது கண்ணாடியின் பரப்புத்தான். சவர்க்காரத்தால் கழுவிய குழாயும் பிழையான முடிவைத் தரும்.



கடைசியாக, உறைதலைத் தடுக்கும் பொருள்களான சித்திரேற்றையும் ஹெப்பாரினையும் மாற்றி எழுதாதீர்கள். சித்திரேற்று கல்சியத்தைப் பிடித்து வைக்கும். ஹெப்பாரின், துரொம்பினை அடக்கும் அன்ரித்துரொம்பினின் வேலையை வேகப்படுத்தும். கல்சியம் சேர்த்தால் மீண்டும் உறைவது சித்திரேற்றுக் குருதி மட்டுமே.