நிலைக்குழுவுக்கு அனுப்பிவிட்டோம்

கடல் மீன்பிடிப்பு பற்றிய ஒரு மசோதாவை, அதை ஆராய்ந்து அறிக்கை தரும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்புவதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்று அமைச்சர் சொன்ன அன்று மாலை, அதை வெற்றிச் செய்தியாகவே மீனவர் சங்கத்து அண்ணாச்சியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் உடனே எதுவும் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்தக் குழுவில் உங்கள் சார் இருக்கிறாரா?" என்றார். இல்லை என்றேன். சார் என்றது, நான் உதவியாளராக இருக்கும் மக்களவை உறுப்பினரை. "நம் கடற்கரைக்காரர் வேறு யாராவது?" அதுவும் இல்லை. "அப்புறம் எதற்கு இவ்வளவு சந்தோஷம்?"

அப்போது என்னால் விதிகளைத்தான் ஒப்பிக்க முடிந்தது. துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஓர் உறுப்பினருக்குப் பொதுவாக ஒரு குழுதான். சாருக்குக் கிடைத்திருந்தது வேறு. மசோதா எந்த அமைச்சகத்தின் பெயரில் வருகிறதோ, அந்த அமைச்சகத்தைக் கவனிக்கும் குழுவுக்குப் போகும். யாரைப் பாதிக்கிறது என்று பார்த்து யாரும் அனுப்புவதில்லை. மீன்வளம் என்றால் வேளாண்மைக் குழு, துறைமுகமும் கப்பலும் என்றால் போக்குவரத்துக் குழு. ஒரே படகு மீன் பிடிக்கும்போது ஒரு குழுவின் பொருள், துறைமுகத்துக்குள் நுழையும்போது இன்னொரு குழுவின் பொருள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்று அண்ணாச்சி பேச்சை முடித்துக்கொண்டார். அது பாராட்டா குத்தலா என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

அன்று காலைக்கே மனம் திரும்பத் திரும்பப் போகிறது. மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, மசோதா அறிமுகமாவதையே எதிர்த்து விதி 72-இன் கீழ் நோட்டீஸ். பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றது, நிலைக்குழுவுக்கு அனுப்பக் கோரி மக்களவைத் தலைவருக்குக் கடிதம். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எதிர்த்தால் என்ன கிடைக்கும்?"

"அவைக் குறிப்பில் பெயர் வரும், சார்."

"குழு கேட்டால்?"

"மூன்று மாதம் கிடைக்கும்."

அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். யாருக்குக் கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டையும் கொடுத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விதி தடுக்காது. ஆனால் முந்தைய இரவே ஆளும் தரப்பிலிருந்து ஒரு தகவல் வந்திருந்தது: அறிமுகத்தின்போது அமளி இல்லையென்றால் குழுவைப் பற்றி யோசிக்கலாம். இது பேரமா என்றால் பேரம்தான். அவைக்குள் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது, அதில் எனக்குக் கூச்சமில்லை. என்னைக் குடைவது அந்த நோட்டீஸில் இருந்த விஷயம். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். கடல் எல்லைக்கு அப்பால் மீன் பிடிப்பது மட்டுமே ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது இனம். இந்த மசோதா எல்லைக்கு உள்ளேயும் கை வைத்தது. சட்டம் இயற்றும் அதிகாரமே இல்லை என்று எதிர்த்தால், அறிமுக நிலையிலேயே முழு விவாதத்துக்கு அவைத் தலைவர் அனுமதிக்கலாம். மற்ற காரணங்களுக்கு இரண்டு வார்த்தை பேசவிட்டு உட்காரச் சொல்லிவிடுவார்கள். மாநில உரிமை பேசும் ஒரு கட்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது.

ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் தோற்றிருப்போம். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து அறிமுகத்திலேயே எதிர்த்து, வாக்குகளை எண்ணவும் வைத்தன. 269-க்கு 198. மசோதா அறிமுகமாகி, அதற்கென்றே இரு அவை உறுப்பினர்களையும் கொண்டு அமைத்த கூட்டுக் குழுவுக்குப் போனது. எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கட்சிகள் கேட்க, 31 பேர் என்றிருந்த அந்தக் குழு 39 பேராக வளர்ந்தது. உள்ளே இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கட்சிகளுக்குத் தெரிகிறது. அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருந்தது. இதை வேலையாகவே செய்கிற நான்தான், எந்தக் குழு, அதில் யார் யார் என்று பார்க்காமல் 'குழு' என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

என் பக்க நியாயம் ஒன்று உண்டு. 15-ஆவது மக்களவையில் மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் அது 16 சதவீதம். வேளாண் மசோதாக்களை, அவற்றுக்கென்றே அவை அமைக்கும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரி 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் கொண்டுவந்த தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே போயின. வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டும் எண்ணவில்லை. அந்தச் சூழலில் ஒரு மசோதா குழுவுக்குப் போவதே பெரிய காரியம் என்று நினைத்ததில் என்ன தவறு?

நினைத்ததில் தவறில்லைதான். ஆனால் அந்த வேளாண் சட்டங்கள் கடைசியில் எப்படிப் போயின? விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளும் அவற்றை ரத்து செய்தன. நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. எந்தக் குழுவுக்கும் போகவில்லை, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமோ, எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருந்த நிலைக்குழுவைத் தாண்டிக்கொண்டு கூட்டுக் குழுவுக்குப் போய், ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பி வந்து சட்டமானது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, குழு என்பது எதிர்ப்பு ஆறட்டும் என்று வைக்கும் இடமோ என்று தோன்றுகிறது. அறிமுகத்தன்று படகுகளில் கறுப்புக்கொடி கட்டுவதாக அண்ணாச்சியின் சங்கம் முடிவு செய்திருந்தது. கொஞ்சம் பொறுங்கள், குழுவுக்குப் போகும்போலத் தெரிகிறது என்று நான் சொன்னதால்தான் தள்ளிப்போட்டார்கள். பிறகு கட்டவேயில்லை.

அண்ணாச்சி கொடிக்குப் பதிலாக மனு அனுப்பினார். முழுத்தாளில் இரண்டு பக்கமும், நீல பால்பாயின்ட் பேனாவில், தமிழில். ஓரத்தில் ஒரு வள்ளத்தை வரைந்து அதன் நீளம், அகலம், இன்ஜினின் குதிரைத்திறன் எல்லாவற்றையும் குறித்திருந்தார். மசோதாவின் வரையறைப்படி பார்த்தால் இந்த வள்ளமும் பெரிய கப்பல்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். எங்கள் நோட்டீஸின் அரைப் பக்கத்தைவிட அந்தப் படம் தெளிவாக இருந்தது. குழுவின் விளம்பரம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இரண்டு பிரதிகள் கேட்டிருந்தது. இரவில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, படத்தை ஸ்கேன் செய்து இணைப்பாக வைத்து அனுப்பினேன்.

குழுவின் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கும். உறுப்பினர்களின் உதவியாளர்களுக்குக்கூட உள்ளே இடமில்லை. அறிக்கை தாக்கலாகும்வரை அங்கே பேசியதை யாரும் வெளியே சொல்லக் கூடாது. அதனால் அண்ணாச்சி அழைத்தபோதெல்லாம் "நடந்துகொண்டிருக்கிறது" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கை வந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டினேன். மனு அனுப்பியவர்கள் பட்டியலில் சங்கத்தின் பெயர் இருந்தது. வரையறை அப்படியே இருந்தது. ஒரு பிரிவில் மட்டும் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம் என்று குழு பரிந்துரைத்திருந்தது. குழு சொல்வது அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இதை அரசு ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சியின் மனுவால் வந்ததா, பெரிய கப்பல் கம்பெனிகள் கேட்டு வந்ததா? அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு வசதியான பதிலை நம்பிக்கொள்ளலாம். சில நாள் நம்புகிறேன்.

மசோதா சட்டமான பிறகு அண்ணாச்சியிடம் சிறை போய்விட்டதைச் சொன்னேன். "நல்லதுதான் தம்பி. வள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பினால் நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?" என்று சிரித்தார். ஆனாலும் ஊரில் ஒரு கூட்டத்தில், குழுவுக்கு அனுப்பவைத்து நம் பிள்ளைகளைச் சிறையிலிருந்து காப்பாற்றிய அலுவலகம் என்று எங்களைப் பற்றிப் பேசினாராம். அதைக் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. மறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்தொடரிலும் இதே போன்ற ஒரு மசோதா அலுவல் பட்டியலில் வந்தது. இரண்டு தாள்களையும் தட்டச்சு செய்து, இந்த முறை நோட்டீஸை மேலே வைத்தேன். சார் இரண்டையும் படித்தார். அடியிலிருந்த கடிதத்தை உருவியெடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"போன முறை நீதானே சொன்னாய், மூன்று மாதம் கிடைக்கும் என்று?"