முதல் டிஎஸ்எல்ஆர்: பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு?

முதன்முதலாக டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் காட்டும், லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, கேனனா நிக்கானா என்றுதான். கையிலிருக்கும் தொகை சிறியது என்றால், அந்தத் தொகையை பாடிக்கும் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கும்) லென்ஸுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது. பாதிக்கு மேல் பாடிக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. பாடி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும்; நல்ல லென்ஸ் அடுத்த பாடியிலும் வேலை செய்யும்.

இன்றைய நிலையில் இது முன்பைவிட எளிது. கேனனும் நிக்கானும் 2018இல் முழுச்சட்ட (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கு, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் உள்ள) மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களைக் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இரண்டுமே புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் விற்றுவிட்டுப் போன பாடிகளும் லென்ஸ்களும் ஏராளமாகக் கிடைப்பதால், அடிமட்ட வரிசையில் கடைசியாக வந்த பாடி ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில், ஒரு காலத்தில் நடுத்தர வரிசையில் விற்ற பாடியையே பார்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஏனென்றால், விலையைக் குறைப்பதற்காக நிறுவனங்கள் எதை வெட்டுகின்றன என்பது விளம்பரத்தில் தெரிவதில்லை. மெகாபிக்சலை வெட்ட மாட்டார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுவதற்கு அதுதானே வேண்டும்! அடிமட்ட வரிசையில் 2018இல் வந்த நிக்கான் டி3500இல் 24 மெகாபிக்சல், நடுத்தர வரிசையில் 2010இல் வந்த டி7000இல் 16 மெகாபிக்சல். எண்ணைப் பார்த்தால் முதலாவது முந்துகிறது, ஆனால் 12க்கு 8 அங்குலத்தில் நேர்த்தியான பிரிண்ட் போடுவதற்கு 9 மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. டி7000இன் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) படத்தின் ஏறத்தாழ முழுப் பரப்பையும் காட்டும். டி3500இல் தெரிவது சுமார் 95 சதவீதம், ஆகவே ஓரத்தில் நுழைந்துவிட்ட மின்கம்பி படத்தைத் திரையில் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். ஷட்டர் வேகத்துக்கும் (ஒளி விழும் நேரம்) அப்பர்ச்சருக்கும் (லென்ஸின் திறப்பு) டி7000இல் தனித்தனிச் சக்கரங்கள் உண்டு. டி3500இல் இருப்பது ஒரே சக்கரம், எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் முறையில் அப்பர்ச்சரை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே அதைச் சுழற்ற வேண்டும். சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதியும் அதில் கிடையாது. எடைக் குறைவும் புதிய சென்சாரும் டி3500இன் பலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இரண்டு சக்கரங்கள் தரும் பயிற்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேனனிலும் இதே கதைதான். 4000டியில் லென்ஸ் பொருத்தும் வளையம் பிளாஸ்டிக். பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ப வ்யூஃபைண்டரைச் சரிசெய்யும் திருகும் இல்லை, கண்ணாடி அணிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 250டியில் ஃப்ளாஷ் செருகும் இடத்தின் நடுவிலுள்ள தொடுமுனையையே எடுத்துவிட்டதால், அந்த ஒரு முனையை மட்டும் நம்பியிருக்கும் மலிவான ஃப்ளாஷ்கள் எரியாது.

இனி லென்ஸ். பாடியுடன் வரும் 18–55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை ஏளனம் செய்ய வேண்டியதில்லை; பகல் வெளிச்சத்தில் அது நன்றாகவே எடுக்கும். ஆனால் 55 மில்லிமீட்டரில் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல 9 மடங்குக்கும் மேற்பட்ட ஒளியை உள்ளே விடுகிறது. வீட்டுக்குள் மாலை நேரத்தில் 1/15 நொடி கேட்கும் காட்சியை அது 1/125 நொடியில் முடித்துவிடும். ஓடியாடும் குழந்தையின் முகம் தெளிவாக விழுமா, இழுபடுமா என்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் மலிவு என்று எல்லோரும் அதைப் பரிந்துரைப்பார்கள், ஆனால் இங்கே சொன்னவை போன்ற, முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட பாடியில் அது, முழுச்சட்டக் கேமராவில் 75 (நிக்கான்) அல்லது 80 (கேனன்) மில்லிமீட்டர் லென்ஸ் தரும் குறுகிய கோணத்தைத் தருவதால், சிறிய அறையில் பின்வாங்கச் சுவர் இடம் கொடுக்காது. முகங்களையே அதிகம் எடுப்பவருக்கு அது பொருத்தம். மற்றவர்களுக்கு, நிக்கானாக இருந்தால் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் நல்லது.

பயன்படுத்திய பொருளை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போலக் கண்ணாடிக்குள் கிளைவிட்டிருப்பது தெரியும். அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசித் துகள்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடுத்து, எஃப் 16இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள்: சென்சாரில் ஒட்டியிருப்பதெல்லாம் சாம்பல்நிறப் புள்ளிகளாக விழும். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது படக்கோப்பிலேயே பதிவாகிறது. டி7000இன் ஷட்டர் 1,50,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது என்பதை வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

நிக்கானை எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய டி வகை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை. டி7000 போன்ற பாடி தன் மோட்டாரால் அவற்றை இயக்கும், டி3500இல் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பின்னாளில் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் டிஎஸ்எல்ஆர் லென்ஸை அதில் பொருத்த உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, ஆகவே அங்கும் அதே நிலைதான். மோட்டாரைத் தமக்குள்ளேயே கொண்ட ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேனனின் டிஎஸ்எல்ஆர் வகையான இஎஃப் லென்ஸ்கள் 1987இல் தொடங்கியதிலிருந்தே மோட்டாரைத் தமக்குள் வைத்திருப்பதால், அவர்களுடைய மிரர்லெஸ் வரிசையான ஆர்எஃப் பாடிகளிலும் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸுடன் இயங்குகின்றன.