ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர்

குழந்தைகளுக்கு மின்சுற்றைக் கற்பிக்கும்போது, கரும்பலகையில் படம் வரைவதற்கு முன்பே 1.5 வோல்ட் செல், டார்ச் பல்பு, இரு முனையும் உரித்த ஒயர் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, பல்பை எரியவைக்கச் சொல்லிவிடுவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் பல்பின் அடிமுனையைச் செல்லின் மேல் வைத்துப் பார்ப்பார்கள், எரியாது. அடியிலுள்ள சிறு பொட்டு ஒரு முனை, பக்கவாட்டு உலோக உறை மற்றொரு முனை, இவ்விரண்டையும் உள்ளிருக்கும் இழை இணைக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்ளும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். செல்லின் இரு முனைகளையும் ஒயரால் நேரடியாக இணைத்தால் சுடும் என்பதையும், 230 வோல்ட் மின்னழுத்தம் உள்ள சுவர் பிளக்கில் எதையும் செருகக் கூடாது என்பதையும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, இரண்டு செல்களையும் ஒரு சிவப்பு எல்இடியையும் எடுத்து, இருபுறமும் சீவிய பென்சிலைச் சுற்றின் நடுவே சேர்த்தால், மரத்துக்குள் இருக்கும் கிராஃபைட் வழியாகவும் மின்சாரம் பாய்வதைக் காட்டலாம். எல்இடியின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்.