மூன்று வட்டியும் முழுப் பரணும்

கடன் அடைக்க உட்கார்கிற வீட்டில் முதல் வேலை சிக்கனம் இல்லை. எல்லாக் கடனையும் ஒரே அளவில் எழுதுவதுதான் முதல் வேலை. வங்கி வருஷத்துக்கு 14 சதவீதம் என்கிறது. கிரெடிட் கார்டு மாதம் மூன்றரை என்கிறது. தெரிந்தவர் மூலமாக வாங்கியது "மூணு வட்டி". தினம் வசூலுக்கு வருகிற தண்டல்காரர் வட்டி என்ற பேச்சையே எடுப்பதில்லை. நான்கையும் நம்ம ஊர் வட்டிக்கு மாற்றுங்கள்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்?

வங்கியின் 14 சதவீதம் ஒன்றே கால் வட்டிக்கும் கீழே வரும். நகைக்கடன் 10 சதவீதம் என்றால் முக்கால் வட்டிக்குச் சற்று மேல். கார்டு மூன்றரையோடு நிற்காது. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் 4.13 வட்டி. 80,000 ரூபாய் பாக்கி நின்றால் மாதம் 2,800 வட்டி, 504 வரி, ஆக 3,304. தெருவில் மூணு வட்டிக்கு வாங்கியவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிற நாம்தான் நாலு வட்டிக் கார்டை பர்ஸில் வைத்திருக்கிறோம்.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். 10,000 ரூபாய்த் தண்டலில் 9,000 கையில் கொடுத்துவிட்டு, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், நம் கையில் சராசரியாக இருப்பது அந்த 9,000-இல் பாதிதான். உண்மையில் அது மாதம் 6 வட்டிக்கு மேல். கையில் 8,500 மட்டும் கொடுத்தால் கிட்டத்தட்ட 10 வட்டி. வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் சொல்கிற "ஒரு வட்டிதான் சார்" கதையும் இதே மாதிரிதான். 12 மாதத் தவணையில் முழுத் தொகைக்கும் கடைசிவரை ஒரு வட்டி போட்டால், குறையும் அசலுக்கு அது 1.8 வட்டி ஆகிறது.

எழுதி முடித்ததும் வட்டி அதிகமான கடனுக்குத்தான் உபரிப் பணம் போகவேண்டும் என்பார்கள். சரிதான், ஒரு விலக்கோடு. தண்டலில் வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் மொத்தமாகக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு பைசா குறைக்க மாட்டார்கள். அதை அதன் போக்கில் முடித்துவிட்டு, மறுபடி எடுக்காமல் இருங்கள். உபரி கார்டுக்குப் போகட்டும். பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. பழைய பாக்கி இருந்தால் வட்டியில்லா நாள் கணக்கு கிடையாது. இன்று தேய்த்த பால் பாக்கெட்டுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று கந்துவட்டியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

லாக்கரில் நகை இருந்தால் அதை வைத்துக் கார்டை ஒரே அடியாக முடிப்பது நல்ல யோசனை. அதே 80,000-க்கு 10 சதவீதத்தில் மாத வட்டி 667 ரூபாய். கெட்டுப்போவது இதற்குப் பிறகுதான். நகைக்கடனில் மாதாமாதம் கட்டச் சொல்லிப் பெரும்பாலும் கேட்பதில்லை. வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கிறோம், காலியான கார்டில் தீபாவளி வாங்குகிறோம், இப்போது கடன் இரண்டு. அதனால் கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை அப்படியே நகைக்கடன் கணக்குக்கு மாதாமாதம் மாற்ற வேண்டும். அசலில் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று நகை வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கல் வைத்த நகைக்குக் கல் எடையைக் கழித்துத்தான் மதிப்பு போடுவார்கள். வெறும் தங்கமாக இருக்கும் சங்கிலி, வளையல் வைப்பது லாபம்.

அடுத்தது பட்ஜெட். மாத பட்ஜெட் போடுகிற வீடுகள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் நோட்டை மூடிவிடும். வாடகை, பால், மளிகை, பெட்ரோல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாதாமாதம் வராத செலவுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு மாதிரிக் கணக்கு: ஈ.பி. இரண்டு மாதத்துக்கு 1,800 என்றால் வருஷத்துக்கு 10,800, ஜூனில் பள்ளிக்கூடம் 35,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000, எல்.ஐ.சி. 12,000, தீபாவளி, பொங்கல் 15,000, மொய் 6,000. மொத்தம் 84,800, மாதத்துக்கு 7,000-க்குச் சற்று மேல். சம்பளம் வந்த அன்றே இது வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும், ஏ.டி.எம். கார்டு இல்லாத கணக்காக இருந்தால் உத்தமம். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, ஆனாலும் மொய்க்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. சொந்த வீடு என்றால் சொத்து வரியையும் சேருங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. இந்தக் கடன் நிலையில் நகைச் சீட்டைத் தொடரலாமா என்றால், என் கருத்தில் வேண்டாம். நாலு வட்டி கட்டிக்கொண்டே தங்கம் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

ஈ.பி.யில் கவனிக்க வேண்டிய எண் 500. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 200 யூனிட்டுக்குப் பெரிய சலுகை உண்டு. 501 ஆனால் அந்தச் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். அந்த ஒரு யூனிட் பில்லை 200 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 375-க்குள் இருந்தால் பயமில்லை. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும், ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 60 நாளில் 480. மே மாதத்தில் 500-க்குள் நிற்பது ஏ.சி. வீட்டுக்குக் கஷ்டம், அந்தத் தடவை விட்டுவிடுங்கள். மற்ற ஐந்து பில்லில்தான் காசு மிச்சம். வாடகை வீட்டில் ஓனர் சப்-மீட்டருக்கு ஒரே ரேட் வாங்கினால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வரி போதும்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஏ.சி. பேருந்து தவிர எதிலும் ஏறலாம் என்கிற 1,000 ரூபாய் மாதப் பாஸ்.

வீட்டை ஒழிக்கிற வேலையை எல்லாரும் பரணில் தொடங்குவார்கள். சமையலறையில் தொடங்குங்கள், ஏனென்றால் இந்த மாதமே காசாகிற இடம் அதுதான். மளிகை லிஸ்ட் எழுதுவதற்கு முன் எல்லா டப்பாவையும் மேடையில் இறக்கி வையுங்கள். பாதி பாக்கெட் சேமியா, இரண்டு ராகி மாவு, மூன்று மிளகாய்த்தூள், போன தடவை இருக்கிறது என்று தெரியாமல் வாங்கிய கடலைப்பருப்பு, எல்லாம் வெளியே வரும். அவை தீரும்வரை லிஸ்ட்டில் அந்தப் பெயர்கள் வரக் கூடாது. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது சென்னைக்குப் பாதிதான் உண்மை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துவரம்பருப்பில் வண்டு வரும், ரவை கட்டி தட்டும். அந்த மாதங்களில் அரிசி ஒன்றைத்தான் மூட்டையாக வாங்கலாம். (மூட்டை இப்போது 26 கிலோ. 25 கிலோவரை பேக் செய்து விற்றால் ஜி.எஸ்.டி., அதனால் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். கிலோ விலையை வைத்து ஒப்பிடுங்கள், மூட்டை விலையை வைத்து அல்ல.) ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துக் கெட்டுவிடும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. விட்டுவிடாதீர்கள். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால், நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு மாவாட்டினால் இட்லிக்கு நன்றாகவே வரும்.

பரணில் காசாவது உலோகம்தான். பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் வகை பிரித்துவிடுங்கள். கலந்து கொடுத்தால் மொத்தத்துக்கும் மட்டமான ரேட்தான் விழும். ஆங்கிலப் பேப்பர் தனி, தமிழ்ப் பேப்பர் தனி, நோட்டுப் புத்தகம் தனி, அட்டைப்பெட்டி தனி. பித்தளை மாதிரித் தெரிகிற பாத்திரங்களை ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தால் சோதியுங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. வெண்கலப் பானையைப் பித்தளை விலைக்குத் தூக்கிவிடாதீர்கள், வெண்கலத்துக்கு விலை அதிகம். வீட்டில் சொந்தத் தராசு இருந்தால் முன்னாலேயே எடை போட்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்தாலே தொங்கு தராசு கொஞ்சம் நேர்மையாகிவிடும். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியை இரும்போடு சேர்க்க வேண்டாம், உள்ளே ஈயம் இருக்கிறது; புதுசு வாங்கும்போது மாற்றுவிலைக்குக் கொடுங்கள். பழைய பட்டுப்புடவை வாங்குகிறேன் என்று தெருவில் வருபவரிடம் கொடுக்கும் முன் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகைக்கு உள்ளே இருப்பது சிவப்புப் பட்டு நூல். சிவப்பு தெரிந்தால் வெள்ளி இருக்க வாய்ப்பு உண்டு, நாலு கடையில் கேட்டுவிட்டு விற்கலாம்.

பள்ளிக் கைடுகளை மே மாதத்திலேயே விற்றுவிடுங்கள், ஜூலையில் அவை வெறும் எடை. சோபா, மெத்தை மாதிரி யாரும் வாங்காதவற்றுக்கு மாநகராட்சியின் 1913-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். போகி அன்று கொளுத்தலாம் என்று வைக்காதீர்கள். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி வாங்குவதும் வேண்டாம். பரணிலிருந்து ஒன்று இறங்கி இன்னொன்று ஏறியதுதான் மிச்சம். அடுக்கி வைக்கப் புது டப்பாக்கள் வாங்குவதும் அதே கதை. விற்ற பணம் 740 ரூபாயாக இருந்தாலும் அன்றைக்கே கார்டுக் கணக்கில் கட்டிவிடுங்கள். பர்ஸில் இருந்தால் சாயங்காலம் பஜ்ஜியாகிவிடும்.

கடன் முடிகிற மாதத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். வங்கிக் கடனுக்கு 'நோ டியூ' கடிதம் வாங்கி, இரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டில் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். தனியாரிடம் வாங்கியதற்குப் புரோநோட்டும், எழுதாமல் கொடுத்த செக்கும் அவர் கையில் இருக்கும். "வீட்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் கடைசித் தவணையும் அப்புறமே.