பிரித்த இன்ஜினை உடனே கழுவாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பட்டறைகளுக்கு இன்ஜின் வேலைக்கென்று வரும் 100 சிசி வண்டிகளை எடுத்துக்கொண்டால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். செம்மண் தூசி உள்ளே போயிருக்கும், ஆயில் வற்றியிருக்கும், இல்லையென்றால் வண்டி ஓடாமலே கிடந்திருக்கும். மூன்றாவது காரணம் வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கலாம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஊருக்கு வரும்போது மட்டும் வண்டி வெளியே வரும். மற்ற மாதமெல்லாம் வீட்டுக்குள் நிற்கும். “புது வண்டிதான் தம்பி, எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை” என்று ஆச்சி சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் போரில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரில், துரு ஏறியிருக்கும்.

மூன்றுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: புகை, சத்தம், இழுவைக் குறைவு, அல்லது கிக்கரே இறங்காமை. சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எல்லாம் சேர்ந்த போர் கிட் ஒன்றை வாங்கி மாட்டினால் மூன்றும் சரியான மாதிரிதான் தெரியும். தூசி வந்த ஓட்டையை அடைக்காமல் மாட்டிய புது ரிங் சீக்கிரமே பழைய ரிங்காகிவிடும். ஆயில் ஏறாத இன்ஜினில் மாட்டிய புது பிஸ்டன் வாரக்கணக்கில்கூடத் தாங்காது. எங்கள் தொழிலில் கெட்ட பெயர் வாங்கித் தருவது முதல் வேலை அல்ல, மூன்று மாதம் கழித்து அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருவதுதான். ஆகவே பிரிக்கும்போதே காரணத்தைப் பிடித்தாக வேண்டும். அந்தக் காரணம் இன்ஜினுக்குள் இருக்கும் அழுக்கில்தான் எழுதியிருக்கும்.

வெளிப்புறத்தைக் கழுவலாம், கழுவத்தான் வேண்டும். சூட்டைத் தணிக்கும் ஃபின் தகடுகளின் இடுக்கில் அப்பிய செம்மண் கட்டி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கும்போது நேராக உள்ளே விழும். உள்ளே இருந்து எடுத்த பாகங்களை மட்டும், பார்த்து முடிக்கும்வரை டீசல் தட்டில் போடக்கூடாது. வேலை பழகும் பையன்கள் ஆர்வத்தில் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டால் பாதி சாட்சி போனது போலத்தான்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் புகையைக் கேட்டு வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அப்புறம் அடங்கினால் வால்வு சீல். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங், போர். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது அல்லது ஏர் ஃபில்ட்டர் அடைத்திருக்கிறது. அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதே இல்லை. குளிரில் ‘டக் டக்’ என்று அடித்து சூடானதும் குறைந்தால் பிஸ்டன் ஆட்டம். பாரத்தில் இழுக்கும்போது அடியிலிருந்து கனமாக இடித்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் அதே ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கிக் செய்யுங்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் கசிவு, அப்படியே நின்றால் வால்வு பக்கம்.

இன்ஜின் பிடித்துக்கொண்டு வந்த வண்டியை கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, துருவை இளக்கும் ஆயிலோ டீசலோடு கொஞ்சம் கியர் ஆயிலோ விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கிராங்க் முனையில் சுற்றும் மேக்னெட் சக்கரத்தின் நட்டில் ஸ்பானர் வைத்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால், நின்று துருப்பிடித்த இன்ஜின் பெரும்பாலும் இளகிவிடும். ஆயில் இல்லாமல் பிடித்தது இப்படி இளகினாலும் நம்ப வேண்டாம், அதைத் திறந்தே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க் கலுங்கு வழியும் ரோட்டில் வண்டியை விட்டு, நடுத் தண்ணீரில் நின்றுபோக, அங்கேயே கிக்கரை மிதித்துக்கொண்டு வருபவர்கள் தனி ரகம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராட் வளையும். ஹெட்டைத் திறந்த பிறகு, மேல் நிலையில் பிஸ்டன் வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆயிலை வெள்ளைத் தட்டில் இறக்குங்கள். அளவைப் பாருங்கள்: 900 மி.லி. புட்டி ஊற்றிய வண்டியில் 300 மி.லி. வந்தால் பாதி விசாரணை அங்கேயே முடிந்தது. பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர். வெள்ளிப் பெயின்ட் கலந்தாற்போல மினுங்கினால் காந்தத்தை விட்டுப் பாருங்கள். ஒட்டாதது அலுமினியம், பிஸ்டனோ ஹெட்டோ தேய்கிறது. ஒட்டுவது பேரிங், பல்சக்கரம், ராட். இந்தப் பக்கத்து வண்டிகளில் பெரும்பான்மைக்குக் காகித ஆயில் ஃபில்ட்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் ஒரு கம்பி வலையும், சுழற்சியில் அழுக்கைத் தன் சுவரில் ஒட்டவைக்கும் ஒரு கிண்ணமும்தான். அந்தக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி விரல் நகத்தால் சுரண்டினால், மெழுகு போலப் படிந்த அழுக்கு அடுக்கடுக்காக வரும். இன்ஜின் இதுவரை பட்ட பாடெல்லாம் அதில் இருக்கும்.

அடுத்து, கார்புரேட்டரைக் கழற்றியதும் ஏர் ஃபில்ட்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் ஃபில்ட்டருக்குப் பிந்தியது. விரல் சுத்தமாக வர வேண்டும். செங்காவி நிறத்தில் மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தால் இன்ஜின் சாகக் காரணம் அதுவேதான். ஃபில்ட்டர் கிழிந்திருக்கும், அல்லது குழாயின் கிளிப் இல்லாமல் ஓரத்தில் இடைவெளி இருக்கும். கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே ஃபில்ட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, கியர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். உலர்ந்த ஸ்பாஞ்ச் இந்த மண்ணைத் தடுக்காது. காகித ஃபில்ட்டரை பெட்ரோலில் அலசினால் அது கெட்டது. உட்புறமிருந்து வெளியே காற்றடிக்கலாம், அதற்கு மேல் மாற்றுவதுதான்.

இனி பிரிப்பது. மேக்னெட்டின் ‘டி’ குறியைக் கேஸின் குறியோடும், வால்வுகளைத் திறக்கும் கேமின் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள வட்டக் குறியை ஹெட்டின் வெட்டோடும் சேர்த்து நிறுத்திய பிறகே ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தொடுங்கள். அதற்கு முன் டைமிங் செயின் போகும் பள்ளத்தில் துணி அடைத்துவிட வேண்டும். அந்தச் சின்ன போல்ட் கீழே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்கும் வேலையாகிவிடும். செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நான்கு ஸ்டட்டில் எதில் செம்பு வாஷர் இருந்தது என்று எழுதிவையுங்கள், ஏனென்றால் ஆயில் மேலே ஏறும் வழி அது. மாற்றிப் போட்டால் ஹெட் ஓரம் காலத்துக்கும் கசியும். ஹெட் வரவில்லை என்றால் நைலான் சுத்தியலால் சுற்றித் தட்டலாம். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அந்தப் பள்ளத்தை எந்தப் பேக்கிங்கும் மூடாது. போல்ட்டுகளுக்கு முட்டை அட்டையைவிட நல்ல பெட்டி கிடையாது, குழிக்கு ஒன்று என்று வரிசையாக வைத்தால் போதும்.

பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் ஆழக் கோடு விழுந்து அலுமினியம் இழுத்திருந்தால் சூடு அதிகமாகியிருக்கிறது: பெட்ரோல் குறைந்த கலவை, கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு, ஃபின்னை மூடிய சேறு, இவற்றில் ஏதாவது. சுற்றிலும் இழுத்திருந்தால் ஆயில் இல்லை. கோடுகள் ஆழமில்லாமல், உப்புத்தாள் தேய்த்தாற்போல மங்கலாகச் சாம்பல் நிறமாக இருந்தால் தூசி. தூசியில் மேல் ரிங்தான் முதலில் கரையும், ஓரம் கத்தி போலாகிவிடும். ஆயில் ரிங் கரியில் ஒட்டி அசையாமல் இருந்தால், ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். போரில் ஒரே உயரத்தில் வளையமாகத் துருத் தடம் இருந்தால், வண்டி நின்ற நாட்களில் பிஸ்டன் அந்த இடத்தில் இருந்திருக்கிறது.

ஆயில் பஞ்சமென்று சந்தேகம் வந்தால் கேமைப் பாருங்கள். பம்ப்பிலிருந்து வெகுதூரம் அதுதான், முதலில் காய்வதும் அதுதான். முனை நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால் ஆயில் வழியைக் கம்பி விடாமல், காற்றடித்தே சோதியுங்கள். பம்ப்பையும் திறந்து பாருங்கள்.

அளவெடுக்காமல் போருக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது. 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட 97.2 சிசி இன்ஜினை வைத்துச் சொல்கிறேன். போர் கேஜ் இருந்தால் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கலாம். இல்லாத பட்டறையில் ஒரு ரிங்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, தேய்மானம் அதிகமுள்ள மேல்பகுதியில் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியைப் பாருங்கள். அப்புறம் தேயாத அடிப்பகுதியில் பாருங்கள். மேலே 0.60, கீழே 0.25 என்று வந்தால் வித்தியாசம் 0.35. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.11 மி.மீ. போர் அவ்வளவு அகன்றிருக்கிறது. 0.10-ஐத் தாண்டினால் ரிங் மட்டும் மாற்றுவது வீண், லேத்தில் போரை அகலப்படுத்தும் கடைசலுக்குப் போக வேண்டியதுதான். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படிகளில் வருகின்றன. கோடு அழியும் சிறிய அளவையே எடுங்கள். எடுத்த எடுப்பில் 0.50-க்குப் போனால் வண்டிக்கு மிச்சமிருக்கும் ஒரு வாய்ப்பை நாமே கடைந்து தள்ளுகிறோம். யமஹா ஆர்15 போல, இரும்பு உறை இல்லாமல் அலுமினியத்திலேயே வார்த்த டயாசில் போர் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது, அவற்றைக் கடைவதில்லை.

‘ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா’, அதாவது மேல் பாதி மட்டுமா, அடியிலுள்ள கேஸையும் பிரிப்பதா என்ற கேள்விக்கு ராட்தான் பதில் சொல்ல வேண்டும். பிஸ்டனைக் கழற்றியபின் ராட்டை மேல் நிலையில் நிறுத்தி நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கையில் துளி ‘டக்’ தெரிந்தாலும் ராட்டின் கீழ்முனை பேரிங்கான பிக் எண்ட் போயிற்று. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைக் காட்டிப் பயமுறுத்தி ஃபுல் இன்ஜின் வேலை வாங்குவது நியாயமில்லை. அதேபோல, உடைந்த ரிங் துண்டு கீழே போயிருக்கும்போது, செலவைக் குறைப்பதாக நினைத்து மேல் பாதியை மட்டும் மாட்டிக் கொடுப்பதும் உபகாரமில்லை. திறப்பதற்கு முன் சொல்லும் தொகை யூகம்தான். “திறந்து பார்த்துட்டு ஒரு தடவை, அளந்துட்டு ஒரு தடவை சொல்றேண்ணே” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டையில்லை. கேஸைப் பிரிப்பதென்றால் மேக்னெட்டுக்குப் புல்லர் வேண்டும், கிராங்க் முனையில் சுத்தியல் படக்கூடாது. புது ராட் கிட் பிரஸ்ஸில் ஏற்றிய பிறகு லேத்காரர் டயல் கேஜில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள் 0.03 மி.மீ. அளவில் ஆடினால் நல்ல வேலை, 0.10 என்றால் திருப்பிக் கொடுங்கள்.

லேத்துக்கு போரை மட்டும் அனுப்பாதீர்கள், வாங்கிய பிஸ்டனும் கூடப் போக வேண்டும். பிஸ்டனுக்கும் போருக்கும் 0.01 முதல் 0.04 மி.மீ. வரைதான் இடைவெளி, அதை அந்த பிஸ்டனின் பாவாடையை, அதாவது ரிங்குகளுக்குக் கீழுள்ள சுவரை, அளந்தே கடைய முடியும். போரின் சுவரைக் கல்லால் தேய்த்து மெல்லிய கோடு போடும் ஹோனிங் முடிந்து போர் திரும்பி வந்ததும் செய்யும் தவறுதான் இங்கே பரவலானது: பெட்ரோலில் அலசி மாட்டுவது. பெட்ரோல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கோடுகளுக்குள் உட்கார்ந்த கல் பொடியை எடுக்காது. அந்தப் பொடி செம்மண்ணைவிட வேகமாக ரிங்கைத் தின்னும். வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்த உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வராமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

ஹெட்டின் முகம் சமமா என்று பார்க்கத் தடித்த கண்ணாடித் தகடு ஒன்று பட்டறையில் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்களும் வழவழப்புக்குக் கண்ணாடியைத்தான் நம்புகிறார்கள். அதன்மேல் நைஸ் உப்புத்தாள் வைத்து ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்தால், பள்ளம் எங்கே என்று தானே தெரியும். வால்வு கிரைண்டிங் முடிந்ததும் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள், வால்வு ஓரம் ஈரமாகக்கூடாது. சைலன்சர் பக்க வால்வு கருகியிருந்தால், வால்வை அழுத்தும் திருகான டேப்பெட் இடைவெளியில்லாமல் இறுக்கமாக இருந்திருக்கிறது. ‘டேப்பெட் சத்தமே வரக்கூடாது’ என்று கேட்டு வாங்கிய மௌனத்தின் விலை அது. ஆறிய இன்ஜினில் டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே 0.05 மி.மீ. ஃபீலர் லேசாக உரசிப் போக வேண்டும். அந்த அளவில் மெல்லிய சத்தம் இருக்கும், இருக்கட்டும்.

மாட்டும்போது ரிங்கின் எழுத்து மேலே, வாய்கள் 120 டிகிரி விலகி, பிஸ்டனின் ‘ஐஎன்’ குறி கார்புரேட்டர் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் பழைய சர்க்ளிப், பழைய பேக்கிங் வேண்டாம். ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்கே, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். பிறகு மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் நிறுத்தி டைமிங்கைப் பாருங்கள், கிக்கரை மிதித்துச் சோதிக்க வேண்டாம். பிளக் இல்லாமல் முப்பது, நாற்பது கிக் அடித்து, டேப்பெட் மூடி வழியே ஆயில் மேலே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு வேகம் 45-க்கு மேல் வேண்டாம், மூட்டை ஏற்ற வேண்டாம், நிற்க வைத்து மணிக்கணக்கில் ஓடவிடவும் வேண்டாம். 500-இல் ஆயிலை மாற்றும்போது மறுபடி அதே வெள்ளைத் தட்டு, அதே காந்தம். மெல்லிய மினுக்கு இருந்தால் ரிங் பழகியதன் அடையாளம். விரலில் நெருடும் அளவுக்குத் துகள் வந்தால், வண்டியை அனுப்பாமல் வலப்பக்கக் கவரைத் திறந்து கிண்ணத்தையும் வலையையும் பார்த்துவிட்டுத்தான் புது ஆயில் ஊற்ற வேண்டும். டேப்பெட்டை மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு சரிபாருங்கள்.